மெட்டல் பாட்டு, குற்ற உணர்ச்சி: ப்ளேலிஸ்ட்டை அழிக்கவா?

கொலையைப் பற்றிய மெட்டல் பாட்டுகளை (கனத்த கிட்டார், டிரம்ஸ் முழங்கும் ராக் இசை) கேட்பது ஒரு கிறிஸ்தவனுக்குப் பாவமா, ப்ளேலிஸ்ட்டை அழித்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அழிக்க வேண்டாம். கொலை வருகிற பாட்டைக் கேட்பதே பாவம் என்று பைபிளில் எங்கும் இல்லை. வாலிபர் கூட்டத்தில் உங்களுக்குக் காட்டிய பிலிப்பியர் 4:8 எதைச் சிந்திக்க வேண்டும் என்று சொல்கிறது, தடைப்பட்டியல் எதுவும் தரவில்லை. எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற சங்கீதம் 137இன் கடைசி வசனத்தை ஒருமுறை வாசியுங்கள், எந்த மெட்டல் பாட்டும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஒன்றைச் சொல்வதும் அதை ஆதரிப்பதும் ஒன்று என்று நினைப்பதால்தான் இந்த உறுத்தல் என்று தோன்றுகிறது. அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) பாடகர் ஜானி கேஷ் 1955இல் வெளியிட்ட 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டில் ஒரு கைதி, சாவதைப் பார்க்கவே ஒருவனைச் சுட்டேன் என்கிறான், ஆனால் ரயில் சத்தம் கேட்டதும் தலையைத் தொங்கப்போட்டு அழுகிறான். இதைப் பாடிய கேஷ்தான் புதிய ஏற்பாடு முழுவதையும் வாசித்துப் பதிவு செய்தவர். ஸ்லேயர் என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடகர் டாம் அராயாகூட கத்தோலிக்கர்தான் (இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்).

ஒன்று செய்து பாருங்கள். அதிகம் கேட்கும் 3 பாட்டின் வரிகளை டிரம்ஸ், கிட்டார் இல்லாமல் தாளில் எழுதி வாசியுங்கள். அந்தக் கொலைகாரன்மேல் பயமோ இரக்கமோ வந்தால் சரி. உங்களுக்குப் பிடிக்காத ஆளின் முகம் மனதில் வந்து, அது இனித்தால் அந்தப் பாட்டை மட்டும் தூக்கிவிடுங்கள்.

அப்புறம், அதே அறையில் தம்பி படுக்கிறான் என்றீர்களே, அங்கே, சகோதரனுக்கு இடறல் வைக்காதே என்கிற ரோமர் 14 வரும். உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அவனுக்கு இடறலாக இருக்கலாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.