பெயர் போடாமல்தான் எழுதினேன்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 43 வயது. 2011-ல் புனைபெயரில் வலைப்பூ தொடங்கினேன். எனக்கு அது டைரி மாதிரி. பொங்கலுக்கு வந்த நாத்தனார் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சர்க்கரை வியாதி உள்ள மாமியார் மருந்து டப்பாவில் லட்டு ஒளித்து வைத்ததை வேடிக்கையாக எழுதியிருந்தேன். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நான் யார் பெயரையும் போட்டதில்லை. அன்றிலிருந்து காபி கொடுத்தால்கூட, "இதையும் எழுதிக்கோம்மா" என்கிறார் மாமியார். கணவரோ எல்லாவற்றையும் அழி என்கிறார். இத்தனை வருட எழுத்து! பெயர் போடாமல் எழுதியதில் என்ன தப்பு? பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வயதுக்கு வந்தபோது எழுதியதை எத்தனை பேர் பாராட்டினார்கள் தெரியுமா? அவளும் இப்போது ஏதாவது சொல்ல வந்தால், "எழுத மாட்டேன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்" என்கிறாள். அந்த வயசு அப்படி, அதை விடுங்கள். நாத்தனார் செய்தது துரோகம் இல்லையா? அவர் படிக்காமல் தடுக்க முடியுமா?

தயவுசெய்து என் பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.

அன்புச் சகோதரி,

தடுக்கலாம். அழைப்பு உள்ளவர்கள் மட்டும் படிக்கும்படி வலைப்பூவை மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. யாராவது ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அவர் போனில் இருக்கும். நாத்தனார் செய்தது சரியில்லை. உங்கள் கோபம் புரிகிறது.

ஆனால் "அதை விடுங்கள்" என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அம்மாவிடம் பேசும் முன் ஒரு பிள்ளை வாக்குறுதி வாங்குகிறாள். வயசுதான் காரணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பாள். இவள் இன்னும் சொல்லத்தான் வருகிறாள். கொடுத்துவைத்தவர் நீங்கள்.

புனைபெயர் உங்களை மட்டும்தான் மறைத்தது. எழுதியது யாரென்று தெரிந்த நிமிடமே, லட்டு யாருடையது, வயதுக்கு வந்தது யார் என்பதும் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பதிவைப் படித்த சித்தப்பாக்களும் மாமாக்களும் இருக்கும் கல்யாண வீட்டுக்குள் அவள் எப்படி நுழைவாள்? 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகவலுக்குச் சம்மதம் தருபவர் பெற்றோர்தான். பெற்றவளே வெளியில் சொன்னால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று என்னிடம் கேட்டீர்கள். போடவில்லை. அப்படிக் கேட்க அவளுக்கு அன்று வாய்ப்பே கிடைக்கவில்லை.

இந்த ஞாயிறு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் வரும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எல்லோரும் பாராட்டியதையும் சேர்த்துத்தான். "எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன் பாரு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மாமியாரிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

எழுதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.