கொள்ளுச் சாற்றில் ஏ2 அணுக்களும் திரள்வது ஏன்?

சர்க்கரையைப் பற்றும் புரதங்களான லெக்டின்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஏ1, ஏ2 ரத்த உட்பிரிவுகளைப் பிரித்தறிய எங்கள் ஆய்வகத்திலேயே கொள்ளுச் சாறு எடுத்தோம். ஏ1 சிவப்பணுக்கள் நன்றாகத் திரள்கின்றன. ஆனால் ஏ2-வும் திரண்டுவிடுகிறது. கொள்ளு சரியில்லையா?
- மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப மாணவி, மதுரை

பதில்: கொள்ளின் மேல் பழி போட வேண்டாம். சாறு கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கொள்ளு லெக்டின் பிடிப்பது என்-அசிட்டைல்காலக்டோசமைன் என்னும் சர்க்கரையை. இது ஏ1, ஏ2 இரண்டிலுமே அணுவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கிறது. அமைப்பில் சிறு வேறுபாடுகள் உண்டு என்றாலும், பெரிய வித்தியாசம் எண்ணிக்கையில்தான். ஒரு ஏ1 சிவப்பணுவின் மேல் 8 லட்சத்துக்கும் அதிகமான ஏ இடங்கள் (இந்தச் சர்க்கரை நுனிகள்) இருக்கும். ஏ2-வில் சுமார் இரண்டரை லட்சம்தான். சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. இயல்பிலேயே ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை மீறி இரண்டு அணுக்களைச் சேர்த்துக் கட்ட, லெக்டின் பாலங்கள் போதிய அளவு விழ வேண்டும். சாற்றை நீர்க்க நீர்க்க, இடங்கள் குறைவாக உள்ள ஏ2-வில் பாலங்கள் முதலில் போதாமல் போகும். ஏ1-இல் அப்போதும் போதும். இந்தச் சோதனையே அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 1951-இல் இந்தியாவில் பணியாற்றிய ஜி. டபிள்யு. ஜி. பேர்ட் கொள்ளின் இந்தக் குணத்தை அறிவித்தார். அதன்பின் உலகெங்கும் ரத்த வங்கிகளில் இது புழக்கத்துக்கு வந்தது.

செய்முறை இது. வறுக்காத கொள்ளு 10 கிராம் எடுத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்கு உடையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறும். மாவாக அரைத்தால் சாறு கலங்கி, வடிகட்டவே வராது. பொடியின் கன அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு 0.9 சதவீத சலைன் (உப்புக் கரைசல்) ஊற்றி, அறை வெப்பத்தில் 4 முதல் 12 மணி நேரம் வரை அவ்வப்போது கலக்கிவிட்டு வையுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்தெளிவை வடிகட்டுங்கள்.

இனிதான் பலரும் தாண்டிவிடுகிற படி. சாற்றை 1:2, 1:4, 1:8 என்று சலைனில் நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஏ1, ஏ2, பி, ஓ அணுக்கள் நான்கோடும் சோதியுங்கள். சாறு ஒரு சொட்டு, 2 முதல் 4 சதவீத அணுக்கலவை ஒரு சொட்டு, 15 நொடி சுழற்சி. ஏ1 குறைந்தது 3+ (திரட்சியின் வலுவைக் குறிக்கும் அளவில் வலுவான நிலை) காட்ட வேண்டும். மற்ற மூன்றும் துளியும் திரளக் கூடாது. அந்த நீர்ப்புதான் உங்கள் வினைப்பொருள். கொள்ளுக்குக் கொள்ளு சாற்றின் வலு மாறும். ஆகவே போன முறை எடுத்த நீர்ப்பு அளவை இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள்.

அணுக்களைச் சலைனில் மூன்று முறை கழுவுவதில் சோம்பல் கூடாது. பலருடைய பிளாஸ்மாவில் கரைந்த ஏ பொருள் இருக்கும். அது லெக்டினை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, ஏ1-ஐ ஏ2 போலக் காட்டிவிடும். பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ஏ இடங்கள் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. அரிதாக ஓ வகை அணுவும் திரண்டால், டிஎன் அல்லது கேட் என்னும் அரிய வகை அணுவா (அவற்றிலும் இந்த லெக்டின் பிடிக்கும் சர்க்கரை வெளியே தெரியும்) என்று பாருங்கள். தயாரித்த சாற்றைச் சிறு குப்பிகளாகப் பிரித்து உறையவைத்தால் நெடுநாள் வரும். குளிர்பெட்டியில் சில நாள்தான்.

கேள்வி: லெக்டின் சர்க்கரையைப் பிடிக்கும் பிடி மிகப் பலவீனம் என்கிறார்கள். அப்புறம் எப்படி அணுக்களைக் கட்டிவைக்கிறது?
- முதுகலை உயிர்வேதியியல் மாணவர், கோவை

பதில்: தனித்தனிப் பிடி பலவீனம்தான். ஜாக் பீன் விதையின் லெக்டினான கான்கானவலின் ஏ, மெதில் மானோசைடு என்னும் சர்க்கரையைப் பிடிக்கும் பிரிகை மாறிலி (பாதிக் குழிகள் நிரம்பத் தேவையான செறிவு; இது குறையக் குறையப் பிடி வலுவானது) சுமார் 0.1 மில்லிமோலார். நல்ல எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) நானோமோலாரில் பிடிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. காரணம் எளிது: பிடிக்கும் குழி ஆழமற்றது, சர்க்கரை முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள், அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடத் தண்ணீரும் அதே அளவு தயாராக நிற்கிறது.

ஆனால் கான்கானவலின் ஏ நடுநிலை பிஎச்சில் நான்கு துணையலகுகள் சேர்ந்தது, நான்கு குழிகள். ஒரு பிடி விட்டாலும் மற்றவை விடாமல் வைத்திருக்க, விட்டதும் பக்கத்துச் சர்க்கரையை மறுபடி பிடிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் விட்டால்தான் பிரிவு. நம் உடலிலேயே உள்ள லெக்டினான கேலக்டின்-3 இன்னும் விசித்திரம்: தனியாக இருக்கையில் ஒற்றைக் குழிதான், பல கிளைச் சர்க்கரைகளைச் சந்தித்ததும் தன் நீண்ட வால்பகுதி வழியாகத் தங்களுக்குள் ஐந்து வரை சேர்ந்து, செல் மேற்பரப்பில் வலைபோலப் பரவுகிறது. திரட்சி நிஜமாகவே சர்க்கரைப் பிடியால்தானா என்று தெரிய, கேலக்டினுக்கு 50 முதல் 100 மில்லிமோலார் லாக்டோஸ் சேர்த்துப் பாருங்கள், கலைய வேண்டும். அதே அளவு சுக்ரோஸ் சேர்த்தால் கலையக் கூடாது. இந்த இரண்டாவது குழாய் இல்லாத சோதனையை நாங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: கான்கானவலின் ஏ-யும் கிளைக்கோஜனும் கலந்தால் வீழ்படிவு வர வேண்டும். எங்களுக்கு வரவே இல்லை. பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.
- கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

பதில்: பஃபரை மாற்றுங்கள். இந்தப் புரதம் சர்க்கரையைப் பிடிக்கக் கால்சியமும் மாங்கனீசும் தேவை. குழியில் உள்ள 14-ஆம் அமினோ அமிலமான ஆஸ்பராஜினைச் சரியான இடத்தில் நிறுத்துவதே கால்சியம்தான். பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைத் தன்னோடு இழுத்துவிடும். உலோக அயனிகளைக் கவ்வும் ஈடிடிஏ இருந்தால் இன்னும் மோசம். டிரிஸ் சலைன், பிஎச் 7.2, கால்சியம் குளோரைடு, மாங்கனீசு குளோரைடு தலா 1 மில்லிமோலார் என்று வையுங்கள். பிஎச் 5.5-க்குக் கீழே போனால் நான்கு அலகு இரண்டாகப் பிரிந்து, கட்டும் திறன் குறையும்.

அப்படியும் வரவில்லையென்றால் அளவைப் பாருங்கள். புரதத்தை மாறாமல் வைத்து, கிளைக்கோஜனை மட்டும் படிப்படியாக ஏற்றிக்கொண்டே பத்துக் குழாய் வையுங்கள். நடுவில் ஓரிரு குழாயில்தான் வீழ்படிவு உச்சத்தில் இருக்கும். கிளைக்கோஜன் மிகுந்தால் ஒவ்வொரு புரதமும் வெவ்வேறு மூலக்கூறில் ஒட்டிக்கொண்டு வலை பின்னாமல் கரைந்தே கிடக்கும். மாதிரியில் குளுக்கோஸ் கலந்திருந்தாலும் குழிகள் அடைபடும். முதலில் டயாலிசிஸ் (சவ்வு வழியாகச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்துவிடுங்கள். இன்னொன்று: இந்தப் புரதத்தைச் செஃபடெக்ஸ் மணிகள் நிரப்பிய குழாயில் (காலம்) ஓட்டித் தூய்மையாக்க நினைத்தால் வெளியே வராது. செஃபடெக்ஸே குளுக்கோஸ் சங்கிலி. அதிலேயே ஒட்டிக்கொள்ளும், குளுக்கோஸ் கரைசல் ஊற்றித்தான் இறக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கொள்ளு ரசம் குடித்தால் ரத்தம் கட்டிவிடுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டாது. நன்றாக வேகும்போது புரதம் உருக்குலைந்து, பிடிக்கும் குழியே போய்விடும். கொள்ளைவிட ராஜ்மாவில்தான் கவனம் தேவை: அதன் லெக்டின் குடலைத் தாக்கி வாந்தி, பேதி வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதிநிலைக்கு எட்டாத மின்சார மெதுக் குக்கரில் மட்டும் போட்டு வேகவைக்க வேண்டாம்.