என் ஊரின் பெயரில் ஒரு கப்பல்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "சனிக்கிழமை என் ஊரான திருகோணமலையின் பெயர் கொண்ட, பிரிட்டனின் மிகப் பழைய போர்க்கப்பலில் ஏறினேன்." இங்கிலாந்தில் படிக்க வருவோர் விசா, வாடகை, பகுதிநேர வேலை பற்றிக் கேட்கும் கேள்விகளையெல்லாம் அந்த ஒரு வரி ஓரங்கட்டிவிட்டது. ஆகவே இந்த மாதம் முழுவதும் கப்பல்தான்.

கேள்வி: உண்மையாகவே திருகோணமலை என்ற பெயரில் இங்கிலாந்தில் ஒரு கப்பல் இருக்கிறதா அக்கா? என் தம்பி செப்டம்பரில் நியூகாசிலுக்குப் படிக்க வருகிறான். சிக்கனமாகப் போய்வர முடியுமா? (வாசகி, மட்டக்களப்பு)

இருக்கிறது, தங்கச்சி. பெயர் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் அரச கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் வருவது; டிரிங்கோமலி என்பது திருகோணமலைக்கு ஆங்கிலப் பெயர். நியூகாசிலிலிருந்து கரையோர ரயிலில் தெற்கே போனால் ஹார்ட்டில்பூல் என்ற பழைய துறைமுக ஊர் வரும், அங்கே நிற்கிறது. தம்பியை முதலில் மாணவர் ரயில் அட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதில் 16–25 வயது என்று போட்டிருந்தாலும், அதைத் தாண்டிய முழுநேர மாணவருக்கும் கொடுப்பார்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாள்களில் காலை 10 மணிக்கு முன்பு 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒன்று வந்து, அதற்குக் கீழே விலை இறங்காமல் மறிக்கும். சனிக்கிழமை போகட்டும். ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடிக்கட்டும்; சண்டர்லாந்து தாண்டியதும் கடல் தெரியத் தொடங்கும். நீலக் கடலை எதிர்பார்க்க வேண்டாம். நான் போன அன்று அது அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் அந்தக் குளிரில் அமிர்தம்.

நுழைவாயிலில் டிக்கெட் கொடுத்தவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "டிரிங்கோமலி" என்றேன். "அது வெளியே நிற்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். நான் பிறந்த ஊரே அதுதான் என்பதை அவருக்கு விளங்கவைக்க அரை நிமிடம் பிடித்தது.

கேள்வி: போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கும் 'விக்டரி' போர்க்கப்பல்தானே பழையது? மிகப் பழைய கப்பல் என்று எழுதியிருந்தீர்களே! (ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)

'மிதப்பவற்றில்' என்ற சொல்லை விட்டுவிட்டேன் ஐயா, தவறு என்னுடையது. 1765இல் வெள்ளோட்டம் கண்ட விக்டரி வயதில் மூத்ததுதான். ஆனால் 1922இலிருந்து தண்ணீரில்லாத உலர்துறையில் நிற்கிறது. இன்றும் தண்ணீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது டிரிங்கோமலி. அது கடலில் இறங்கியது 1817 அக்டோபர் 12. உலகக் கணக்கு எடுத்தால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' அதைவிட இருபது வயது மூப்பு.

டிரிங்கோமலிக்கும் கான்ஸ்டிட்யூஷனுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. டிரிங்கோமலியைக் கட்டுவதற்கான வரைபடங்களை 'ஜாவா' என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் அருகே ஜாவாவை மறித்து அடித்ததே கான்ஸ்டிட்யூஷன்தான். வரைபடங்கள் கப்பலோடு போயின. வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது. அதற்குள் பிரிட்டனோடு போரிட்ட பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் தோற்று, செயின்ட் ஹெலினா தீவில் கைதி! இங்கிலாந்துக்குப் போகும் வழியில், 1819 ஜனவரியில் கப்பல் அந்தத் தீவில் நின்றது. நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ என்ற மருத்துவரை அங்கே ஏற்றிக்கொண்டது. சண்டைக்கென்று கட்டிய கப்பலுக்குக் கிடைத்த முதல் வேலையைப் பாருங்கள். போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்ததும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. 1897இல் விற்கப்பட்டு, 'ஃபுட்ராயன்ட்' என்று பெயர் மாறி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலானது. 1992இல்தான் எங்கள் ஊரின் பெயர் அதற்குத் திரும்பக் கிடைத்தது.

கேள்வி: உள்ளே போனதும் ஊர் நினைவு வந்ததா? (வாசகி, யாழ்ப்பாணம்)

முதலில் வந்தது தலைவலி. கீழ்த்தளத்தில் குறுக்கு விட்டத்தில் இரண்டு முறை முட்டிக்கொண்டேன். நான் ஐந்தடி மூன்றங்குலம்தான். மாலுமிகள் படுத்த கான்வாஸ் தூளிகள் மேலே தொங்குகின்றன. எங்கள் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையேதான், ஆள் மட்டும் பெரிய ஆள். அந்தக் காலக் கடற்படையில் ஒரு தூளிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். என் விடுதி அறையைப் பற்றி இனி முறைப்பாடு சொல்லமாட்டேன்.

கப்பலின் முகப்பில் தலைப்பாகையும் மீசையுமாக ஒரு மரச் சிற்பம் இருக்கிறது. திருகோணமலையில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. ஊர் நினைவு அவரால் வரவில்லை, ஒரு தூணால் வந்தது. சாயம் தேய்ந்த இடத்தில் கையை வைத்தேன்: தேக்கு. எங்கள் அம்மம்மா வீட்டு முன்கதவும் தேக்கு; விரல் அதை அறியும். வழிகாட்டி அதை 'டீக்' என்றார். அந்தச் சொல்லே நம் பக்கத்துத் 'தேக்கு', போர்த்துக்கீசியர் வாய் வழியாக அங்கே போனது.

கேள்வி: நம்மை ஆண்ட ஆங்கிலேயரின் போர்க்கப்பலைப் பார்த்துப் பெருமைப்படலாமா? (வாசகர், கொழும்பு)

பெயருக்காக என்றால், இல்லை. அந்தப் பெயர் 1782ஆம் ஆண்டுக் கடற்போரின் நினைவாக வைத்தது. ஹியூஸ் என்ற ஆங்கிலேயரும் சஃப்ரான் என்ற பிரெஞ்சுக்காரரும் திருகோணமலைக்கு வெளியே மோதினார்கள். துறைமுகம் அன்று பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. எங்கள் ஊர் மக்களை யார் கேட்டார்கள்?

ஆனால் கப்பலைக் கட்டியவர் பம்பாயின் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்ற பார்சி. மரம் மலபார்க் காட்டு மரம். தொடங்கும்போது அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அறைந்தார்களாம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மிதக்கிறது என்றால் அந்தத் தச்சர்களுக்கு ஒரு வணக்கம் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. போட்டேன்.

கேள்வி: அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? (வாசகர், வவுனியா)

குரங்கு. உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய குரங்கை ஒற்றன் என்று நினைத்து ஊரார் தூக்கிலிட்டதாக ஒரு கதை. அவர்கள் அதுவரை பிரெஞ்சுக்காரரைப் பார்த்ததில்லையாம். ஊரின் காற்பந்துக் கழகத்துக்குக் குரங்குதான் சின்னம். 2002இல் அந்தக் குரங்கு வேடம் போட்டவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்து, மேயராகவே வென்றுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குடை கொண்டுபோகாதீர்கள். என்னுடையது கப்பல் தளத்திலேயே கம்பி முறிந்தது.