நாட் அவுட்டை அவுட்டாக்கிய வாசகர்

கேள்வி: டெஸ்ட் ஆட்டங்களில் கவாஸ்கரின் சராசரி 51.12, ஸ்டீவ் வாஹின் சராசரி 51.06. ஆனால் கவாஸ்கர் 214 இன்னிங்ஸில் 16 தடவைதான் நாட் அவுட். வாஹ் 260 இன்னிங்ஸில் 46 தடவை. வழக்கம்போல ரன்களை அவுட்டான தடவைகளால் வகுக்காமல், இன்னிங்ஸால் வகுத்துப் பார்த்தேன். கவாஸ்கருக்கு 47, வாஹுக்கு 42. வாஹ் போல ஐந்தாவது, ஆறாவது இடத்தில் இறங்குகிறவர்களின் சராசரி நாட் அவுட் போட்ட பிச்சை. நின்று ஆடும் திறன் கவாஸ்கர் போன்ற தொடக்க ஆட்டக்காரர்களுக்கே உரியது. இது நிரூபணமாகிவிட்டது அல்லவா?

பதில்: இல்லை. உங்களுக்கு வகுத்தல் வரும் என்பதுதான் நிரூபணமாகியிருக்கிறது.

இன்னிங்ஸால் வகுத்தபோது என்ன செய்தீர்கள் தெரியுமா? ஆட்டமிழக்காத வாஹுக்கு 46 தடவை நீங்களே விரலை உயர்த்திவிட்டீர்கள். எந்த நடுவரும் செய்யாத காரியம். குணமாகி வீட்டுக்கு நடந்தே போன நோயாளியை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டு, "இந்த மருத்துவமனையில் சாவு அதிகம்" என்று சொல்வீர்களா?

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. பாதியில் நின்றுபோன பதிவுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு கப்லான், மையர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1958இல் ஒரு வழி சொன்னார்கள். (அதே ஆண்டில்தான் பாகிஸ்தானின் ஹனிஃப் முகமது பிரிட்ஜ்டவுனில் 970 நிமிடம் நின்று 337 எடுத்தார். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) மருத்துவ ஆய்வுகளில் இன்றும் புழங்கும் வழி அது. ஆய்வு முடியும் நாளில் உயிரோடு இருப்பவர் 'அதுவரை இருந்தார்' என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். அவரைச் சாகடிக்கவும் கூடாது, பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. 1993இல் கிம்பர், ஹான்ஸ்ஃபோர்டு இருவரும் இதையே பேட்ஸ்மேன்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 40 நாட் அவுட் என்றால் குறைந்தது 40. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

வழக்கமான சராசரியும் குறையில்லாதது அல்ல. ஆட்டமிழக்கும் ஆபத்து எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே அது சரியான கணக்கு. உண்மையில் கண் பழகும்வரைதான் ஆபத்து அதிகம். இப்போது யோசியுங்கள். ஆறாவதாக வந்து, எதிர்முனையில் ஆளில்லாமல் 15 ரன்னோடு திரும்புகிறவர் கண்டம் தாண்டிவிட்டார். விளைந்ததை அறுக்கும் முன்பே அவரை வயலிலிருந்து கரையேற்றிவிட்டார்கள். நாட் அவுட் அவருக்குப் பிச்சை போடவில்லை, அவருக்கு வரவேண்டியதைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. நியூசிலாந்துப் பந்துவீச்சாளர் கிறிஸ் மார்ட்டின் 104 இன்னிங்ஸில் 52 தடவை நாட் அவுட். சராசரி 2.36. உங்கள் பிச்சைப் பாத்திரம் அவருக்கு ஏன் நிரம்பவில்லை?

அடுத்த கடிதத்தில் ஆஸ்திரேலியாவின் பில் ஜான்ஸ்டனைக் கொண்டுவருவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 1953 இங்கிலாந்துப் பயணத்தில் 17 இன்னிங்ஸ், ஒரே ஒரு தடவை அவுட், மொத்தம் 102 ரன், சராசரியும் 102. ஒற்றை விக்கெட்டை வைத்துக்கொண்டு சராசரி போட்டால் அப்படித்தான் வரும்.

அது கிடக்கட்டும், நின்று ஆடுவதை ரன்னில் அளக்கச் சொன்னது யார்? 1999இல் ஆக்லாந்தில் நியூசிலாந்தின் ஜெஃப் அலாட் பதினோராவதாக இறங்கி 101 நிமிடம் நின்றார், 77 பந்துகளைச் சந்தித்தார், எடுத்தது பூஜ்யம். உங்கள் கணக்கில் அவர் மைதானத்துக்கே வரவில்லை. பந்துகளை எண்ணுங்கள். திராவிட் டெஸ்டில் 31,258 பந்துகளைச் சந்தித்தார், 254 தடவை ஆட்டமிழந்தார். ஒரு தடவை அவரை வெளியேற்ற சராசரியாக 123 பந்து, அதாவது இருபது ஓவருக்கு மேல். இது பேசத் தகுந்த எண்.

வரிசை எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். நிற்கத் தெரிந்தவரைத்தான் கேப்டன் முதலில் அனுப்புகிறார். முதலில் போனதால் அவருக்கு நிற்க வந்துவிடவில்லை. 1983 டிசம்பரில் சென்னையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக கவாஸ்கர் நான்காவதாக இறங்கத் தீர்மானித்தார். அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் இரண்டு பேரை அவுட்டாக்கி அனுப்பிவிட்டார். கவாஸ்கர் உள்ளே வந்தபோது ஸ்கோர் பூஜ்யம். அன்று அவர் எடுத்த 236 ரன் நான்காம் இடத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது; அவர் ஆடியது புதுப்பந்தை. போதாக்குறைக்கு அதுவும் நாட் அவுட்! உங்கள் வகுத்தலில் அவரையும் ஒருமுறை அவுட்டாக்கியிருக்கிறீர்கள்.

கவாஸ்கரா வாஹா என்பதைப் பந்துக் கணக்கில் தீர்த்துவிடலாமே என்பீர்கள். கவாஸ்கர் ஆடிய டெஸ்ட்கள் பலவற்றில் யார் எத்தனை பந்தைச் சந்தித்தார் என்ற குறிப்பே முழுமையாக இல்லை. ஆகவே நீங்கள் தாராளமாகத் தொடர்ந்து சண்டை போடலாம்.