வக்கீல் பதில்கள்

கேள்வி: வக்கீல்கள் எல்லாரும் எம்.எல்.ஏ. ஆகத்தான் ஆசைப்படுகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் அப்படிப் போய் உருப்படியாக ஏதாவது செய்தவர் உண்டா?
(ஒரு வாசகி, தக்கலை)

குத்தல் புரிகிறது. நானும் ஒரு முறை கவுன்சிலருக்கு நின்று டெபாசிட்டைத் தொலைத்தவன்தான். அதனால் என்னை விடுங்கள், நேசமணியைச் சொல்கிறேன்.

பள்ளியாடிக்காரர், 1895-இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்துவிட்டு நாகர்கோவிலுக்கு வந்தார். அப்போது கோர்ட்டில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. இவர் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று, நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வயதான குமாஸ்தா சொன்னார். சொல்லும்போது தன் ஸ்டூலையே தள்ளிக் காட்டினார். அந்த ஆபீசில் எனக்கு அந்த ஸ்டூல்கூட இல்லை, சீனியர் வெளியே போனால்தான் உட்காருவேன். அது வேறு கதை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சட்டசபையான ஸ்ரீமூலம் சபையில் உறுப்பினர், பிறகு 1952-இல் நாகர்கோவில் எம்.பி. ஆனால் அவருடைய பெரிய வழக்கு சபைக்கு வெளியேதான் நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியை நடத்தி, அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொன்னார். 1954-இல் மூணாறில் தடையை மீறிக் கைதானார். அதே வருஷம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டையும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. வழக்கில் கேட்டதில் பாதிக்கு மட்டும் தீர்ப்பு கிடைத்தால் பாதி டிகிரி என்பார்களே, அப்படி.

இன்றும் விளவங்கோட்டுப் பக்கத்துச் சொத்து வழக்கு வந்தால், கட்டுக்குள்ளிருந்து திருவிதாங்கூரின் சங்கு முத்திரை போட்ட பழைய பத்திரம் ஒன்று வந்து விழும், மலையாளத்தில். படித்துச் சொல்ல ஆள் தேடி அலைவோம். எல்லை மாறி இத்தனை வருஷம் ஆகியும் பத்திரம் மாறவில்லை.

1968-இல் அவர் இறந்தபோதும் நாகர்கோவிலுக்கு அவர்தான் எம்.பி. அந்தத் தொகுதி இடைத்தேர்தலில்தான் 1969-இல் காமராஜர் ஜெயித்தார்.

கேள்வி: எம்.எல்.ஏ. ஆன பிறகும் கோர்ட்டில் வாதாடலாமா?
(ஒரு வாசகர், குளச்சல்)

வாதாடலாம். முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எம்.எல்.ஏ., எம்.பி. பதவி அப்படிப்பட்ட வேலை இல்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வாய்தா அன்றைக்குச் சட்டசபை இருந்தால் ஜூனியர்தான் எழுந்து தேதி கேட்பான். வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த பீஸை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.