அந்த 19 சதவீதம்

வணக்கம் ஐயா,

நான் இறுதியாண்டு மின்னணுவியல் மாணவி. புராஜெக்டுக்காக ஒரு ஆர்எஃப் (ரேடியோ அலை) பவர் ஆம்ப்ளிஃபையர் செய்தேன். கிளாஸ் ஏபி, உச்சத்தில் 10 வாட். ஜெனரேட்டரிலிருந்து ஒற்றை அதிர்வெண் கொடுத்து, பவர் மீட்டரை நேராக அவுட்புட்டில் வைத்து அளந்தபோது எஃபிசியன்சி (சப்ளையிலிருந்து இழுக்கும் திறனில் சிக்னலாக வெளியே போகும் பங்கு) 62 சதவீதம் வந்தது. அதே போர்டுக்கு வைஃபை, 4ஜி-யில் வரும் ஓஎஃப்டிஎம் சிக்னல் கொடுத்தால் 19தான் வருகிறது. அளந்ததில் தப்பு என்கிறார் என் வழிகாட்டி. மூன்று முறை அளந்தும் மாறவில்லை. காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் உடன் படிப்பவன். தப்பு எங்கே இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

19 சரியான அளவுதான். அதைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

டிரான்சிஸ்டர் எப்போதும் கடத்தும் கிளாஸ் ஏ என்றால் 50 சதவீதம், அலையின் பாதியில் மட்டும் கடத்தும் கிளாஸ் பி என்றால் 78.5 என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் ஏபி இரண்டுக்கும் நடுவே. அந்த எண்கள் ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் ஓடும்போது மட்டும் கிடைப்பவை. கிளாஸ் பி-யில் சிக்னலின் வீச்சைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். சப்ளையிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் பாதியாகும், ஆனால் வெளியே போகும் திறன் கால்வாசியாகிவிடும். செலவு பாதி, வரவு கால். 78.5 அப்படியே 39-க்கு இறங்கிவிடும்.

ஓஎஃப்டிஎம் சிக்னலில் நூற்றுக்கணக்கான துணை அலைகள் சேர்ந்து ஓடுகின்றன. எப்போதாவது பல அலைகள் ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்து சேர்ந்துகொள்ளும். அந்த உச்சி சராசரியைவிட 10 டெசிபல் அளவுக்கு, அதாவது திறனில் பத்து மடங்கு, மேலே நிற்கும். அது நசுங்கக் கூடாது என்பதற்காக உங்கள் 10 வாட் போர்டைச் சராசரியாக 1 வாட்டில் ஓட்டுகிறீர்கள். வீச்சில் சொன்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 62-ஐ மூன்றால் வகுங்கள், 20 சொச்சம் வரும். சிக்னல் இல்லாதபோதும் ஓடும் பயஸ் மின்னோட்டம் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். தோராயக் கணக்குதான், ஆனால் உங்கள் 19 பக்கத்திலேயே வந்துவிட்டது. 1 வாட்டை வெளியே அனுப்ப 4 வாட்டுக்கு மேல் ஹீட் சிங்கில் போகிறது.

நண்பர் சொல்வது பாதி சரி. காலியம் நைட்ரைடில் அதே வாட்டுக்கு டிரான்சிஸ்டரின் கொள்ளளவு குறைவு, அதிக வோல்டேஜும் தாங்கும். அதனால் 62 இன்னும் ஏறலாம். ஆனால் வீச்சு இறங்கினால் எஃபிசியன்சி இறங்கும் என்ற கணக்கை எந்தப் பொருளும் மாற்றாது. அப்புறம் இன்னொன்று: அதில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் கேட்டில் (கட்டுப்படுத்தும் முனை) நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்துவிட்டுத்தான் டிரெயினுக்கு (மின்னோட்டம் நுழையும் முனை) சப்ளை கொடுக்க வேண்டும். ஒரு நாள் வரிசையை மாற்றிப் போட்டு ஒன்றைக் கண்ணெதிரே எரித்திருக்கிறேன்.

இந்தத் தலைவலி புதிதில்லை. ஏஎம் ஒலிபரப்பு டிரான்ஸ்மிட்டர்களில் இதே சிக்கல் வந்தபோது, 1936-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் டோஹர்ட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். டிரான்சிஸ்டரே பிறக்காத வால்வு காலம் அது. ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆம்ப்ளிஃபையர். சிக்னல் சிறிதாக இருக்கும்போது முதலாவது மட்டும் வேலை செய்யும், இரண்டாவது தூங்கும். அப்போது முதலாவதுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு லோடு (எதிரே தெரியும் மின்தடை) தெரியும்படி கால் அலைநீள லைன் ஒன்றை நடுவில் வைத்தார். லோடு இரட்டிப்பானதால் பாதி மின்னோட்டத்திலேயே அதன் வோல்டேஜ் முழு அளவு ஆடிவிடும். ஆக, திறன் உச்சத்தில் கால்வாசியாக இருக்கும்போதே, ஏட்டுக் கணக்கில், 78.5 திரும்பக் கிடைக்கிறது. அதற்கு மேல் போனால் இரண்டாவது விழித்துக்கொண்டு மின்னோட்டம் கொடுக்கும். அது கொடுக்கக் கொடுக்க, அந்த லைன் வழியாக முதலாவதின் லோடு தானே குறைந்துகொண்டு வரும். நடுவில் எஃபிசியன்சி 70 வரை தொய்ந்து, உச்சத்தில் மறுபடி 78.5. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சர்க்யூட் இதுதான். குறை என்னவென்றால், கால் அலைநீளம் என்பது ஒரே ஒரு அதிர்வெண்ணுக்குத்தான் கால் அலைநீளம். அகலமான பட்டையில் பாடுபடுத்தும். சிக்னலும் கொஞ்சம் கோணலாகும், அதை டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன் போட்டு, அதாவது சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்பி, நிமிர்த்த வேண்டும்.

சிக்னலின் வீச்சுக்கு ஏற்ப சப்ளை வோல்டேஜையே ஏற்றி இறக்கும் வழியும் உண்டு. அங்கே சப்ளையின் எஃபிசியன்சியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 80 சதவீத சப்ளையும் 60 சதவீத ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் 48தான். கல்லூரி புராஜெக்டில் இதைத் தொட வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் போர்டைத் தொடவே மாட்டேன். சிக்னல் உருவாகும் இடத்திலேயே அந்த அபூர்வ உச்சிகளை வெட்டி, ஃபில்டர் போட்டுச் சீராக்கி, 10 டெசிபலை 7-க்குக் கொண்டுவருவேன். சராசரியை 2 வாட்டுக்கு ஏற்றலாம், எஃபிசியன்சி கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். அதாவது 19 என்பது 26-ஐ ஒட்டி வரும். சிக்னலின் தரம் கொஞ்சம் கெடும். எவ்வளவு கெடுகிறது என்பதையும் அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். வழிகாட்டி கேட்கப்போகும் அடுத்த கேள்வி அதுதான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்குச் சந்தேகம் வந்த எண் ஒன்று உண்டு. அது 19 அல்ல, 62. மீட்டரை நேராக அவுட்புட்டில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அகலப் பட்டை பவர் மீட்டருக்கு உங்கள் அதிர்வெண் எது, அதன் ஹார்மோனிக் (அதன் மடங்கு அதிர்வெண்களில் வரும் வேண்டாத அலை) எது என்று தெரியாது. வந்ததையெல்லாம் கூட்டிச் சொல்லும். நான் ஒருமுறை 71 சதவீதம் பார்த்து, ஒரு மாலை முழுக்கப் பெருமையாக இருந்தேன். மறுநாள் நடுவில் ஹார்மோனிக்குகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டதும் 64 ஆனது. நீங்களும் ஒன்று போட்டு, மறுபடி அளந்து, ஃபில்டரில் இழந்த திறனைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள்.