பரோலில் வந்தவர் - கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் தெருக்காரர் ஒருவர் கொலைவழக்கில் ஆயுள்தண்டனை பெற்று பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்காக இப்போது பரோலில் வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு யாரும் போகக்கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். இப்படிப்பட்டவர்களை வெளியே விடுவது சரியா? இதைப்பற்றி வாசிக்க நல்ல புத்தகங்கள் உண்டா?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

புத்தகம் இருக்கட்டும். பெண்பிள்ளைகளைக் காரணம் காட்டாதீர்கள், அங்கே கல்யாணம் நடப்பதும் ஒரு பெண்பிள்ளைக்குத்தான்.

ஜெயிலர் மனமிரங்கித் திறந்துவிட்டதாக நினைக்கிறீர்கள் போல. தமிழ்நாட்டில் இதற்கு 1982 முதல் விதிகள் உண்டு. நாம் பரோல் என்று சொல்லும் சாதாரண விடுப்புக்கு மூன்று வருடமாவது உள்ளே இருந்திருக்கவேண்டும். போலீஸ் விசாரிக்கும், நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார். பிள்ளைகளின் கல்யாணம், பள்ளிச் சேர்க்கை, வீட்டைப் பழுதுபார்ப்பது, விதைப்பு, அறுப்பு என்று காரணங்களை விதியே சொல்கிறது. விடுதலைக்குப் பிறகான பிழைப்புக்கு வழிசெய்வதும் அதில் உண்டு. ஆயுள்கைதிகளிலும் பலர் ஒருநாள் திரும்பி வரத்தான் செய்கிறார்கள். வந்தால் உங்கள் தெருவுக்குத்தான் வருவார், வேறெங்கே போவார்?

கொஞ்சநாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்கு ஆளில்லை என்று சொந்தக்காரர் ஒருவர் புலம்பியபோது பழைய ஆள் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். குலசேகரம் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருந்தது. தண்டனை முடிந்து வந்த அவர் அங்கே வேலை கேட்டு வந்தார். உள்ளே போவதற்கு முன் பேர்போன பால்வெட்டுக்காரர். மரத்தில் காயம்படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார். மாமா இரக்கமுள்ள மனிதர்தான், வேலை கொடுத்தார். கத்தியைக் கொடுக்கவில்லை. பால் சுமக்கலாம், ஆசிட் ஊற்றி உறையவைக்கலாம், ரோலரில் ஷீட் அடிக்கலாம், வெட்ட மட்டும் கூடாது. "எனக்குப் பயமில்ல கேட்டியா, ஊருக்காரனுக்குப் பதில் சொல்லணும்லா" என்பார் மாமா. வீட்டுக்கு வீடு வெட்டுக்கத்தி கிடக்கிற ஊர் அது!

வெட்டுக்குப் புதிதாக ஒரு பையனைப் போட்டார்கள். அவன் கத்தி பட்டையைத் தாண்டித் தடிவரை இறங்கி மரமெல்லாம் வடு. ஒருநாள் விடிகாலையில் பார்த்தேன், இவர் ஒரு ஈர்க்கிலை எடுத்து, எந்தச் சரிவில் வெட்டவேண்டும் என்று பட்டையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். "நீங்களே ஒருதடவ வெட்டிக் காட்டுங்க" என்று பையன் கத்தியை நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சில மாதங்களில் கேரளாவுக்குப் போய்விட்டார். அவரை யாருக்கும் தெரியாத இடத்தில் கத்தி கிடைத்திருக்கும்.

மாமாவாவது வேலை கொடுத்தார். நீங்கள் ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் போகவே சங்கத்தைக் கேட்கிறீர்கள். கொலையை நான் லேசாக நினைக்கவில்லை. செத்தவரின் வீட்டார் அவர் முகத்தில் விழிக்கமாட்டோம் என்றால் அதில் நான் வாய் திறக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்கும் அந்தச் சாவுக்கும் என்ன சம்பந்தம்? நாலுபேர் கையெழுத்துப் போட்டார்கள், நீங்களும் போட்டீர்கள், அவ்வளவுதானே?

கல்யாணத்துக்குப் போங்கள். பந்தியில் உட்கார்ந்து பிரதமன்வரை சாப்பிட்டு, மொய்நோட்டில் பெயர் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்தமுறை நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வந்தால் கதவைச் சாத்தாமல் தெரிந்ததைச் சொல்லுங்கள். சங்கத்தில் கேட்டால் என் பேச்சைக் கேட்டுத்தான் போனேன் என்று சொல்லிவிடலாம். அங்கே என் பெயர் ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கிறது.